துருவை எடுங்கள், எஃகைத் தொடாதீர்கள்

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் மேற்கே போனால் கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், அல்லூர் தாண்டி ஜீயபுரம் வரும். வலது கைப்பக்கம் காவிரி, வழியெல்லாம் வாழைத் தோட்டம். வாழை இருக்கிற ஊரில் இரும்பு வேலைக்குப் பஞ்சமில்லை. தார் வெட்டும் அரிவாள், பக்கக்கன்று அறுக்கும் கத்தி, வாய்க்கால் மடை திருப்பும் மண்வெட்டி, குழி தோண்டும் கடப்பாரை என்று ஏதாவது ஒன்று முனை மழுங்கிக் கிடக்கும். அதைக் காய்ச்சி அடித்துக் கொடுக்க ஆள் தேடுவார்கள். கொல்லுப்பட்டறை குறைந்துவிட்டதே தவிர, அதன் தேவை குறையவில்லை.

இப்படி ஓர் ஊரில் இரும்படிக்கப் பழக நினைக்கும் இளைஞருக்கு உலை பெரிய தடை இல்லை. கொஞ்சம் செங்கல், களிமண், ஒரு சிறிய புளோயர், ஒரு மூட்டை அடுப்புக்கரி இருந்தால் மூட்டிவிடலாம். சுத்தியல் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். ஆள் தடுக்கி நிற்பது பட்டறைக்கல்லில்தான். நல்ல எஃகில் செய்த புதுக் கல் விலை கூடுதல். மலிவாக வரும் புதுக் கற்களில் பல வெறும் வார்ப்பிரும்பு. சூடான இரும்பை வைத்து அடிக்க அடிக்கக் குழி விழும், ஓரம் உடையும். ஆகவே பழைய கல்லைத் தேடுவதே புத்திசாலித்தனம். மூடிய பட்டறையில், பணிமனை ஏலத்தில் எடுத்த சாமான்களில், பழைய இரும்புக் கடையின் மூலையில் அது கிடக்கும்.

கிடைத்த கல்லைச் சீர்செய்வதில் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பழைய கற்களை மழையும் துருவும் கெடுத்ததைவிட கிரைண்டரும் அவசர வெல்டிங்கும் கெடுத்ததுதான் அதிகம். கல்லைப் பளபளப்பாக்க வேண்டும் என்ற ஆசையில், அதற்கு உயிராக இருக்கும் எஃகையே தேய்த்துத் தள்ளிவிடுகிறார்கள்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது

நம் கிராமப் பட்டறைகளில் பரவலாக இருப்பது கொம்பில்லாத சதுரக் கல். மேலே தட்டையான முகம், கீழே மரக்கட்டைக்குள் இறங்கும் முளை, அவ்வளவுதான். கொல்லர் தரையில் உட்கார்ந்து குறடு பிடிக்க, எதிரில் நிற்பவர் சம்மட்டி போடும் முறைக்கு ஏற்ற உருவம் அது. ரயில்வே, தொழிற்சாலைப் பணிமனைகளில் இருந்து வருவது இன்னொரு வகை: ஒரு பக்கம் கொம்பு, நடுவில் முகம், மறுபக்கம் வால், வாலில் ஒரு சதுர ஓட்டை, ஒரு வட்ட ஓட்டை. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் கடைசியில் பொன்மலைக்கு வந்தது. அதுபோன்ற பணிமனைகளில் கொல்லுக்கூடம் ஒரு முக்கியமான பிரிவு. கொம்பு வைத்த கல்லைத் திருச்சிக்காரர்கள் அந்நியமாகப் பார்க்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கிலாந்திலிருந்து வந்த பழைய கற்களில் பெரும்பாலானவற்றின் உடல் மெது இரும்பு. அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் முதல் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் ஓர் எஃகுத் தகட்டை உலையிலேயே காய்ச்சி ஒட்டி, பிறகு பதம் வைத்திருப்பார்கள். கல்லின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முகத்துக்குக் கீழே நூல் இழுத்ததுபோல் ஒரு கோடு தெரியும். தகடும் உடலும் சேர்ந்த இடம் அது. அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளதுதான் வேலை செய்யும் எஃகு. பல வருடம் அடி வாங்கி ஏற்கெனவே தேய்ந்த அந்தத் தகட்டில் இன்னும் மூன்று மில்லிமீட்டரைக் கிரைண்டரால் எடுத்தால் மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்வீடனின் சோடர்ஃபோர்ஸ் போன்ற கற்கள் முழுக்க ஒரே வார்ப்பு எஃகு. அவற்றிலும் பதம் ஏறிய கடினமான பகுதி மேல்பக்கம் மட்டும்தான்.

ஆங்கிலேயக் கல்லின் இடுப்பில் மூன்று எண்கள் பொறித்திருந்தால் அது எடைக் கணக்கு. முதல் எண் 112 பவுண்டு கொண்ட ஹண்ட்ரட்வெயிட், இரண்டாவது அதில் கால் பங்கான 28 பவுண்டு, மூன்றாவது வெறும் பவுண்டு. 1, 2, 10 என்று இருந்தால் 112, 56, 10 மூன்றையும் கூட்டி 178 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 81 கிலோ. டட்லி ஊரின் பீட்டர் ரைட், ஷெஃபீல்டின் மவுஸ்ஹோல் போன்ற பெயர்கள் தென்பட்டால் கம்பி பிரஷ்ஷை அந்த இடத்தில் மெதுவாகவே ஓட்ட வேண்டும். பெயரும் எண்ணும் அழிந்தால் கல்லின் வரலாறும் போய்விடும்.

பழகுபவருக்கு எவ்வளவு எடை வேண்டும்? ஒரு கிலோ சுத்தியலுக்கு 40, 50 கிலோ கல் தாராளம். முப்பது கிலோவிலும் கத்தி, கொக்கி, உளி வேலை நடக்கும்.

காசு கொடுக்கும் முன்

பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு பேரிங் குண்டு, ஒரு எஃகு ஸ்கேல், ஒரு காந்தம், கையில் ஒரு சிறு சுத்தியல் இருந்தால் போதும்.

குண்டு 20, 25 மில்லிமீட்டர் விட்டம் உள்ளதாக இருக்கட்டும். ஸ்கேலைக் கல்லின் முகத்தில் நட்டுக்குத்தாகப் பிடித்து, 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குண்டை விட வேண்டும். நல்ல பதமுள்ள எஃகில் விழுந்த குண்டு டிங்கென்று 18, 20 சென்டிமீட்டர் வரை எழும்பும். பாதிகூட எழும்பவில்லை என்றால் முகம் மென்மையாக இருக்கிறது. ஒரே இடத்தில் விட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கொம்புப் பக்கம், நடு, வால், இரண்டு ஓரங்கள் என்று முகம் முழுக்க விட்டுப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் குண்டு சோர்ந்து விழுந்தால் அங்கே தகடு உடலிலிருந்து விட்டிருக்கலாம். சிறு சுத்தியலால் அங்கே தட்டினால் ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல் மந்தமான சத்தம் வரும். அப்படிப்பட்ட கல்லைப் பழகுபவர் வாங்க வேண்டாம். அதைச் சரிசெய்வது வீட்டு வேலை இல்லை.

முகம் முழுவதுமே மென்மையாக இருந்தால், அந்தக் கல் எப்போதோ தீயில் மாட்டியிருக்கக் கூடும். கீற்றுக் கூரை வேய்ந்த பட்டறைகளில் தீவிபத்து புதிதல்ல. கூரை எரிந்து கல்மேல் விழுந்து மணிக்கணக்கில் கனன்றால், பதம் முழுக்க இறங்கிவிடும். வெளியே பார்த்தால் கல் நன்றாகவே இருக்கும். குண்டுச் சோதனை ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மணிபோல் ஒலிப்பது நல்ல கல்லின் அடையாளம் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் வார்ப்பிரும்பு உடலில் எஃகு முகம் வைத்த அமெரிக்க ஃபிஷர் கற்கள் ஒலிக்காது; வேலையில் அவை முதல் தரம். சத்தத்தைவிடக் குண்டை நம்புவது மேல்.

காந்தம் எதற்கு? உடைந்த ஓரத்தில் பட்டி அப்பிக் கறுப்புப் பெயின்ட் அடித்து விற்பதும் உண்டு. பட்டியில் காந்தம் ஒட்டாது. கடைசியாக ஸ்கேலை முகத்தின் மேல் நீளவாட்டில் படுக்க வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கலாம். நடுவில் ஓரிரு மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் அதற்காகக் கல்லைத் தள்ள வேண்டியதில்லை. வளைந்த கம்பியை நிமிர்த்தும்போது நேர்கோட்டைக் கொஞ்சம் தாண்டி அழுத்தினால்தான் அது நிமிரும். அந்தப் பள்ளம் அதற்கு உதவும்.

துருவை எடுத்தல்

கல் வீடு வந்ததும் இரண்டு பேர் சேர்ந்து, ஒரு தடித்த கடப்பாரையையும் கயிற்றையும் வைத்து, தரையிலிருந்து சற்றே உயர்ந்த கட்டையில் ஏற்றலாம். ஒருவர் தனியாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் பழைய பெயின்ட். பழைய பெயின்டுகளில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர்ந்தபடியே தேய்த்துப் பொடியாக்கினால் மூச்சோடு உள்ளே போகும். பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறிய பிறகு ஈரத்தோடு சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலை வேண்டாம்.

துருவுக்குக் கையால் தேய்க்கும் கம்பி பிரஷ்ஷும் பொறுமையும் இருந்தாலே முக்கால்வாசி வேலை முடியும். அவசரம் என்றால் கிரைண்டரில் கம்பிக் கிண்ண பிரஷ் மாட்டலாம். அது துருவை எடுக்கும், எஃகைத் தின்னாது. ஆனால் அதிலிருந்து கம்பி பிய்ந்து பறக்கும். கண்ணாடி மட்டும் போதாது, முகத்தை முழுக்க மறைக்கும் ஷீல்டு வேண்டும். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் சுழலும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. இறுக்கமான பருத்தி உடையே சரி.

ஆழமான துருவுக்கு வினிகர் நல்லது. பழைய துணியை வினிகரில் நனைத்துக் கல்லைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஓர் இரவு விட்டால், மறுநாள் துரு கறுப்புச் சேறாக இளகி வரும். அதை பிரஷ்ஷால் தேய்த்து, சோடா கலந்த நீரில் கழுவி, உடனே துடைத்து வெயிலில் காயவைத்து எண்ணெய் பூச வேண்டும். தாமதித்தால் மதியத்துக்குள் செம்மண் நிறத்தில் புதுத் துரு பூத்துவிடும். கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் தொடவே வேண்டாம். அதன் புகை நெஞ்சை அடைக்கும். பதமேறிய எஃகில் விரிசல் விடவும் வழி செய்யும்.

பேட்டரி சார்ஜரை வைத்து மின்சாரத்தால் துரு எடுக்கும் முறையும் உண்டு. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, கல்லுக்கு மைனஸ் கம்பி, எதிரில் தொங்கும் வேண்டாத இரும்புத் தகட்டுக்கு பிளஸ் கம்பி. எதிரில் தொங்குவது எவர்சில்வராக இருக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகித் தண்ணீரில் இறங்கும். இதில் ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது. பெரிய கல்லுக்கு இவ்வளவு ஏற்பாடு அநேகமாகத் தேவைப்படாது.

முகமும் ஓரமும்

துரு போன பிறகு முகத்தில் சிறு புள்ளிக் குழிகள் தெரியும். உளி பட்ட தழும்புகளும் இருக்கலாம். கை அரிக்கும், இவற்றையெல்லாம் மட்டமாக்கிக் கண்ணாடிபோல் ஆக்கிவிடலாமா என்று. கூடாது. முகத்தைக் கல்வட்டால் தேய்க்கவோ, லேத் பட்டறைக்கு எடுத்துப் போய் மில்லிங் போடவோ கூடாது. எண்பது அல்லது நூற்றிருபது எண் ஃபிளாப் டிஸ்க்கை மேலோட்டமாக, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டி, துருத்திக்கொண்டிருக்கும் முள்முனைகளை மட்டும் எடுத்தால் போதும். மிச்சமுள்ள தழும்பைச் சுத்தியலும் சூடான இரும்பும் வருடக்கணக்கில் தாமே மெருகேற்றிவிடும்.

தேய்க்கும்போது கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொட முடியாத சூடு என்றால் நிறுத்தி ஆறவிட வேண்டும். எஃகு 220 டிகிரியில் வைக்கோல் நிறம் காட்டும். 300ஐ எட்டினால் நீலம். நீலம் படர்ந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள், அதைத் திரும்ப ஏற்ற வீட்டில் வழியில்லை. கல்லை உலையில் போட்டுப் புதிதாகப் பதம் வைக்கலாம் என்ற யோசனையும் ஆபத்தானது. அறுபது கிலோ இரும்பை ஒரே சீராகச் செந்நிறத்துக்குக் காய்ச்சி, போதிய வேகத்தில் நீரைப் பாய்ச்சிக் குளிர்விக்கப் பெரிய ஆலைக்குத்தான் வசதி உண்டு.

ஓரங்களைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: ஓரம் கத்திபோல் கூராக இருந்தால்தான் நல்ல கல் என்று. நேர்மாறு. கூரான ஓரம் சூடான இரும்பில் வெட்டு விழச் செய்யும், அந்த வெட்டில்தான் பின்னால் விரிசல் தொடங்கும். கூர் ஓரம் சுத்தியல் அடியில் சில்லாகத் தெறிக்கவும் செய்யும். கொம்புக்குப் பக்கத்தில் ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு வளைவாகவும், வாலை நோக்கிப் போகப் போக இரண்டு, மூன்று மில்லிமீட்டராகவும் ஓரத்தை உருட்டிவிட்டால் பழகுபவருக்கு அதைவிட வசதி இல்லை. கூர் மூலை தேவைப்படும் அரிய வேலைக்கு, சதுர ஓட்டையில் செருகும் ஒரு சிறு இரும்புத் துண்டைத் தனியாகச் செய்து வைத்துக்கொள்ளலாம். சில்லு போன இடங்களையும் இதே முறையில் வளைத்துவிட்டால் மேலும் உடையாது. மென்மையான சதுரக் கற்களில் ஓரம் உதடு பிதுங்கியதுபோல் வெளியே வழிந்திருக்கும். அதைக் கட்டாயம் தேய்த்து எடுக்க வேண்டும். என்றைக்காவது ஒரு நாள் அது தெறித்துக் கண்ணில் பாயும்.

வெல்டிங் வேண்டுமா?

இரண்டு பக்க ஓரங்களில் எங்காவது பத்து சென்டிமீட்டர் நீளம் ஒழுங்காக இருந்தால் வெல்டிங் வேண்டாம். அந்தப் பத்து சென்டிமீட்டரிலேயே வேலையைப் பழகலாம்.

ஓரம் முழுக்க உடைந்திருந்தால் மட்டும் அந்த யோசனை. அதிலும் தெருமுனை கேட் பட்டறையில் சாதாரண ராடு வைத்துக் குளிர்ந்த கல்லில் பற்றவைத்தால், பற்றுக்குப் பக்கத்திலேயே விரிசல் ஓடி ஓரம் மொத்தமாகப் பெயரும். திருச்சிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. 1960களில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை வந்ததைத் தொடர்ந்து, துவாக்குடி வட்டாரம் முழுக்கக் கொதிகலன் உதிரிப் பட்டறைகள் முளைத்தன. வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் அந்த ஆலை வளாகத்தில் இருக்கிறது. கனத்த எஃகை முன்சூடு ஏற்றிப் பற்றவைப்பது அந்தப் பகுதி வெல்டர்களுக்கு அன்றாட வேலை. அப்படி ஒருவரிடம் போவதே நல்லது.

அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். கல் முழுவதும் 200 டிகிரி வாக்கில் சூடேற வேண்டும், 230ஐத் தாண்டக் கூடாது; டெம்ப் சாக்கோ வெப்பமானியோ வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ராடு 7018 வகை. அடுப்பில் உலர்த்தியெடுத்ததாக இருக்க வேண்டும், காற்றிலிருந்து ஈரம் குடித்த ராடு விரிசலைக் கொண்டுவரும். அடிப்படையை அதில் கட்டி, மேலே ஒன்றிரண்டு வரிசை மட்டும் கடினப் பூச்சு ராடு. குட்டை குட்டையாகப் பற்று போட்டு, ஒவ்வொன்றையும் சூட்டோடு லேசாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் உலர்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து, மறுநாள் வரை தானாக ஆறவிட வேண்டும்.

கட்டை

கல்லில் பாதிப் பலம் அது உட்காரும் கட்டையில் இருக்கிறது. புளி, வேம்பு, கருவேலம் மூன்றுமே ஏற்றவை. கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்குப் புளியை எடுப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்: நார் பின்னிப் பிணைந்திருப்பதால் அடி தாங்கும், எளிதில் பிளக்காது. நன்றாகக் காய்ந்த, 40 முதல் 50 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அடிமரத்துண்டு வேண்டும்.

நின்று வேலை செய்பவர் கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால், விரல் முட்டி வரும் உயரத்தில் கல்லின் முகம் இருக்க வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்கு அது ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். அதில் கல்லின் உயரத்தைக் கழித்து, மண்ணுக்குள் புதையும் ஆழத்தைக் கூட்டிக்கொண்டு கட்டையை அறுக்க வேண்டும். ஜீயபுரத்து மண் காவிரி வண்டல், மழைக்காலத்தில் இளகும். கட்டையை 60 சென்டிமீட்டர் ஆழத்துக்காவது புதைத்து, அடியில் கருங்கல் ஜல்லி இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். புதையும் பகுதிக்குத் தார் பூசாவிட்டால் கரையான் வேலையைக் காட்டும். மேல்பக்கம் பிளக்காமல் இருக்க மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் போடுவதுபோல் ஓர் இரும்புப் பட்டையைச் சூட்டோடு இறக்கலாம்.

கல்லின் கால்களைப் பட்டை இரும்பும் நீளமான போல்ட்டும் வைத்துக் கட்டையோடு அசையாமல் இறுக்க வேண்டும். ஆடும் கல் அடியின் வேகத்தை விழுங்கிவிடும். இடுப்பில் ஒரு கனத்த சங்கிலியைச் சுற்றிவிட்டால் ஒலி வெகுவாக அடங்கும். அக்கம்பக்கத்தில் வீடுகள் இருக்கும் ஊருக்கு அது அவசியம். உட்கார்ந்து அடிக்கும் முறையில் பழகுபவர் கட்டையை அநேகமாக முழுக்கப் புதைத்து, சதுரக் கல்லின் முளையை அதில் இறக்கினால் சரி.

கல் கிடைக்காவிட்டால்

ஒரு ரயில் தண்டவாளத் துண்டு போதும். இந்தியத் தண்டவாளங்களில் 52, 60 என்ற எண்கள் மீட்டருக்கு இத்தனை கிலோ என்பதைக் குறிப்பவை. 60 கிலோத் தண்டவாளத்தில் இரண்டடித் துண்டு 36 கிலோவுக்கு மேல் வரும். படுக்க வைத்து அடித்தால் நடுத்தண்டு மெல்லியதாக இருப்பதால் துள்ளும். நட்டுக்குத்தாகக் கட்டையில் புதைத்து வெட்டுமுகத்தின் மேல் அடித்தால், அடிக்கு நேர் கீழே மொத்த எடையும் நிற்கும்; சிறிய முகம்தான், ஆனால் கத்தி வேலைக்குப் போதும்.

இதில் ஒரு சட்டப் பிரச்சினை உண்டு, அலட்சியம் செய்யக் கூடாது. திருட்டு ரயில்வே பொருளை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் ரயில்வே உடைமைச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ரயில்வே ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் ரசீதோடு வாங்க வேண்டும். ரசீது இல்லாத துண்டு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

வேலைக்கு வந்த பிறகு

வெறும் சுத்தியலால் வெறும் கல்லை அடிக்கக் கூடாது. கடினமும் கடினமும் மோதினால் சில்லு பறக்கும். கம்பி கறுத்ததும் மறுபடி உலைக்குப் போக வேண்டும், ஆறிய எஃகை அடித்து முகத்தைக் கெடுக்கக் கூடாது. உளியால் வெட்டும்போது அடியில் ஒரு மெது இரும்புத் தகடு இருக்கட்டும். முகத்தில் விழும் உளித்தழும்பெல்லாம் பின்னால் அடிக்கும் ஒவ்வொரு கத்தியிலும் அச்சாக விழும்.

அன்றாட வேலை முடிந்ததும் உதிர்ந்த செதிலைத் துடைத்துவிட்டு எண்ணெய்த் துணியால் ஒரு முறை தடவினால் போதும், தேங்காய் எண்ணெயோ பழைய இன்ஜின் ஆயிலோ. ஆயுத பூசைக்குக் கல்லைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம். பூசை முடிந்த மறுநாள் அந்த ஈரப் பொட்டுகளை அப்படியே விட்டுவிட்டால் பொட்டின் அடியிலேயே துரு பிடிக்கும். துடைத்து எண்ணெய் பூச வேண்டும். அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பட்டறை சும்மா கிடக்கும் நாட்களில் முகத்தின் மேல் கிரீஸ் தடவி, சாக்கு போட்டு மூடாமல், காற்றோட்டத்தோடு ஒரு தகரத்தைச் சாய்த்து வைக்க வேண்டும். சாக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.